சுழலும் தண்டும் கரிந்த நூலும்



திருப்பூரிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் வழியில், பந்தயக் கார்களைச் செப்பனிடும் சிறிய பட்டறை ஒன்று உண்டு. சென்ற ஆண்டு ஒரு நாள், என் வண்டியின் சிறு பழுதுக்காக அங்கே காத்திருக்க நேர்ந்தது. அப்பொழுது பட்டறைக்கு உரியவரான இளைஞர், ஆள் உயரத்திற்குச் சற்றுக் குறைவான கரிய குழாய் ஒன்றை ஒரே கையில் ஏந்திக்கொண்டு வந்தார். காரின் அடியில் கிடந்து, முன்னே உள்ள இஞ்சினின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டு சேர்க்கும் தண்டு அது. எங்கள் ஊர் லாரிப் பட்டறைகளில் அதனைப் 'புரொப்பெல்லர் சாஃப்ட்' என்பார்கள். நாம் இயக்கத்தண்டு என்று வைத்துக்கொள்வோம். எஃகினால் ஆன அத்தகைய தண்டைத் தூக்க இரண்டு கைகளும் வேண்டும். சற்று மூச்சும் பிடிக்க வேண்டும். அவரோ மூங்கிற் கழியைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தார்.

"தம்பி, இது என்ன உலோகம்?" என்று கேட்டேன்.

"உலோகம் இல்லீங்க ஐயா. நூல்தானுங்க. கார்பன் நூல்" என்றார் அவர்.

நான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது மெய். குழாயின் மேற்பரப்பில் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் சாய்வாக ஓடின. எதிர்ச் சாய்வாக ஓடிய இழைகள் அவற்றைக் குறுக்கே வெட்டிச் சென்றன. நான் நூலால் வாழும் ஊரிலே பிறந்தவன். நூல் துணியாகும், பனியனாகும், கயிறாகும் என்று அறிவேன். இரும்பின் வேலையை அது எப்படி ஏற்றது? பல ஆண்டுகள் சரித்திரம் கற்பித்த எனக்கு, அன்றிரவு உறக்கம் வரவில்லை. அந்த வினாவுக்கு நான் தேடிக் கண்ட விடையையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில், நான் அறிந்த முதல் சுழல்தண்டைப்பற்றிச் சொல்ல வேண்டும். என் தந்தையார் ஒரு பருத்தி அரவை ஆலையில் பிட்டராக இருந்தார். 1950-களின் இறுதியில், எனக்கு எட்டு வயதிருக்கும்பொழுது, அவருக்குச் சோறு கொண்டு செல்வது என் வேலை. ஆலைக் கொட்டகையின் ஒரு முனையில் மோட்டார் இருக்கும். அதிலிருந்து கொட்டகையின் மறு முனை வரையில், தலைக்கு மேலே, நீண்ட எஃகுத் தண்டு ஒன்று சுழன்றுகொண்டேயிருக்கும். அதில் கோத்த சக்கரங்களிலிருந்து தோல் வார்கள் இறங்கி, கீழே வரிசையாக நிற்கும் யந்திரங்களை ஓட்டும். பஞ்சுத் தூசியின் ஊடே அந்தத் தண்டு மின்னுவதைக் காண்பது எனக்கு வேடிக்கை. என் தந்தைக்கு அது வேடிக்கையன்று. "சுத்தறதைப் பார்த்தா நிக்கற மாதிரியே இருக்கும். நம்பாதே" என்பார்.

அவர் அஞ்சியது ஒரு நாள் நடந்தேவிட்டது. கழன்ற வாரை மாட்ட ஏணியில் ஏறிய ஒரு தொழிலாளியின் தோள் துண்டைத் தண்டு பற்றிக்கொண்டது. துண்டோடு கையும் சென்றது. மோட்டாரை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் உயிர் பிழைத்தார், வலக்கையை இழந்தார். பின்னாளில் அதே வாயிலில் காவலராக அமர்ந்து, சோறு கொண்டு செல்லும் என்னை இடக்கையால் தட்டிக்கொடுப்பார். சக்தியைச் சுமந்து செல்லும் தண்டு, தன்னை மறந்தவனை மன்னிப்பதில்லை என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

கொங்கு நாட்டிற்கு இத்தகைய தண்டு எப்பொழுது வந்தது? 1888-ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயரின் முயற்சியால் கோயம்புத்தூரில் நூற்பாலை தோன்றியது. அக்காலத்து ஆலைகளில் நீராவி யந்திரம் ஒன்றே ஒன்று. அதன் சக்தியைக் கூடந்தோறும் பகிர்ந்தளித்தவை தண்டுகளும் வார்களும் கயிறுகளுமே. திருப்பூரில் பருத்தி அரவை ஆலைகள் பெருகின. 1925-ஆம் ஆண்டளவில் பனியன் பின்னும் தொழிலும் இங்கே கால் கொண்டது. 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்வீழ்ச்சி மின்சாரம் தரத் தொடங்கியது. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோயம்புத்தூரிலேயே மின்மோட்டாரைச் செய்து காட்டினார்கள். யந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்ற நிலை வந்ததும், தலைக்கு மேலே சுழன்ற நீண்ட தண்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின.

ஆலையின் கூரையிலிருந்து இறங்கிய தண்டு எங்கே போயிற்று? அதற்கு முன்பே அதன் தம்பி ஒருவன் மோட்டார் வண்டியின் அடியிலே குடியேறியிருந்தான். தொடக்க காலத்துக் கார்கள் பலவற்றில், சைக்கிளைப் போலச் சங்கிலியே சக்கரத்தைச் சுழற்றியது. 1898-ஆம் ஆண்டு பாரிஸில் லூயி ரெனோ என்னும் இளைஞர், சங்கிலியை நீக்கிவிட்டுச் சுழல்தண்டு ஒன்றினாலேயே பின் அச்சை இயக்கிக் காட்டினார். மேடு பள்ளங்களில் பின் அச்சு ஏறி இறங்குமே, தண்டு ஒடியாதோ என்று நீங்கள் கேட்கலாம். அதற்காகவே தண்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவான மூட்டு உண்டு. இத்தாலியரான கார்டானோவின் பெயராலும் ஆங்கிலேயரான ஹூக்கின் பெயராலும் வழங்கும் மூட்டு அது. 1920-இல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். அதற்கு முன்பு அவர் திருப்பூரில் பருத்தித் தொழில் செய்து, பம்பாய்ச் சந்தையில் பொருளை இழந்தவர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. பஞ்சிலிருந்து மோட்டாருக்கு வந்தவர் அவர். நம் கதையோ மோட்டாரிலிருந்து மீண்டும் பஞ்சுக்குச் செல்லப்போகிறது.

எஃகுத் தண்டுக்கு ஒரு குறை உண்டு. இரண்டு சிறுவர்கள் நீண்ட கயிற்றின் இரு முனைகளைப் பிடித்துச் சுழற்றும்பொழுது, நடுப்பகுதி வயிறு தள்ளிச் சுழல்வதைக் கண்டிருப்பீர்கள். நீண்ட தண்டும் அவ்வாறே ஒரு குறிப்பிட்ட வேகத்தை எட்டியதும் நடுவே வளைந்து அதிரத் தொடங்கும். யந்திரவியலார் இதனை மாறுநிலை வேகம் என்பர். 1869-இல் ராங்கின் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் இதனை ஆராய்ந்து, அந்த எல்லைக்கு மேல் எந்தத் தண்டும் ஓட இயலாது என்று முடிவு செய்தார். 1889-இல் ஸ்வீடன் நாட்டு டி லவால், தம் நீராவிச் சுழலிக்கு மெல்லிய வளையும் தண்டைப் பொருத்தி, அந்த எல்லையை விரைந்து கடந்து அப்பாலும் ஓட்டிக் காட்டினார். பெரிய அறிஞரின் முடிவும் ஒரு பட்டறையில் திருத்தம் பெறக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆயினும் காரின் தண்டு ஒவ்வொரு நாளும் பல நூறு முறை வேகம் ஏறி இறங்குவது. அந்த எல்லையைத் திரும்பத் திரும்பக் கடப்பது அதற்கு ஆகாது. எல்லைக்குக் கீழேயே ஓட வேண்டும்.

தண்டின் நீளத்தை இரட்டித்தால், அந்த எல்லை வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தண்டைத் தடிப்பாக்கினாலோ எடையும் கூடவே ஏறுகிறது, பயன் சிறிது. ஆகவே நீண்ட தண்டை இரண்டு துண்டுகளாக்கி, நடுவே ஒரு தாங்கியை வைப்பது வழக்கமாயிற்று. நீங்கள் செல்லும் பஸ்ஸின் அடியில் குனிந்து பார்த்தால் இதனைக் காணலாம். வேகமான காருக்கு அந்தத் தாங்கியும், கூடுதல் மூட்டும், அவற்றின் எடையும் சுமையே. எடை குறைந்து விறைப்பு மிகுந்த ஒரு பொருள் கிடைத்தால், ஒரே துண்டில் தண்டைச் செய்துவிடலாம். அந்தப் பொருளின் சரித்திரம் பருத்தி நூலில் தொடங்குகிறது.

1879-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவில் எடிசன் மின்விளக்குக்கு ஏற்ற இழையைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் எடுத்தது தையலுக்கு உதவும் சாதாரணப் பருத்தி நூல். அதனைக் காற்றுப் படாமல் சூட்டில் கருக்கினார். நூல் எரியவில்லை; நூலின் வடிவிலேயே கரியாக நின்றது. அந்தக் கரிநூல் விளக்கில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒளி வீசியது. பின்னர் அவர் மூங்கில் நாரைக் கருக்கிப் பயன்படுத்தினார். உலோக இழைகள் வந்ததும் உலகம் கரிநூலை மறந்தது.

சற்றொப்ப எண்பது ஆண்டுகள் கழிந்தன. 1958-இல் அமெரிக்காவில் ரோஜர் பேகன் என்னும் அறிஞர், கரியின் அணுக்கள் ஒரே திசையில் ஒழுங்காக நிற்கும் நுண்ணிய இழை, எடைக்கு எடை எஃகினும் பன்மடங்கு வலிது எனக் கண்டார். 1961-இல் ஜப்பானின் ஒசாகா நகரில் அகியோ ஷிண்டோ, அக்ரிலிக் வகை இழையைக் கருக்கினால் சிறந்த கரிநூல் கிடைக்கும் என்று காட்டினார். குளிர் நாட்டார் அணியும் கம்பளி போன்ற ஸ்வெட்டர்களுக்கு நூலாவதும் அந்த வகை இழையே. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தார் 1960-களில் அதனை மேலும் வலுவாக்கினார்கள். 1970-களின் தொடக்கத்தில் அதனை வாணிகப் பொருளாக்கிய டோரே நிறுவனம், 1926-இல் ரேயான் நூல் செய்யவென்றே ஜப்பானில் தோன்றியது. துணிக்கு நூல் தந்தவர்களே கரிநூலுக்கும் வழி காட்டினார்கள்.

செய்முறையும் நம் ஊரார் கேட்டால் பாதி விளங்கிவிடும். அக்ரிலிக் இழைக்கற்றையை முதலில் 200 முதல் 300 டிகிரி வரையிலான வெப்பத்தில், காற்றில் பக்குவப்படுத்துவார்கள். அப்பொழுது அது சுருங்கப் பார்க்கும். சுருங்க விடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த இழுவை தளர்ந்தால் அணுக்களின் ஒழுங்கு குலையும். பின்பு காற்றில்லாத உலையில் 1,000 டிகிரிக்கு மேல் சூடேற்றுவார்கள். இறுதியில் கிடைக்கும் இழையின் தடிமன் ஏறக்குறைய 7 மைக்ரான். அதாவது நூற்று நாற்பது இழைகளை அருகருகே அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர். அத்தகைய இழைகள் பல ஆயிரம் சேர்ந்த கற்றையைப் பிசினில் தோய்த்து, சுழலும் உருளை ஒன்றின்மேல் கோனில் நூல் சுற்றுவதுபோல் சுற்றி, சூட்டில் இறுகச் செய்து, உருளையை உருவிவிட்டால் குழாய் நிற்கும்.

ஆனால் எந்தச் சாய்வில் சுற்றுவது? வலிமையின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. உங்கள் கைக்குட்டையை எடுங்கள். பாவு நூல் ஓடும் திசையில் இழுங்கள், அது நீளாது. மூலைக்கு மூலை இழுங்கள், நெகிழ்ந்து நீளும். இனி ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி ஒட்டி, இரு முனைகளையும் எதிரெதிராகத் திருகுங்கள். சுருக்கங்கள் சாய்வாகத் தோன்றும். முறுக்கும் விசை குழாயின் மேற்பரப்பில் ஏறக்குறைய 45 பாகைச் சாய்விலேயே இழுக்கிறது என்பதை அது காட்டுகிறது. எனவே முறுக்கைத் தாங்கும் இழைகள் அந்தச் சாய்வில், இரு பக்கமும் எதிரெதிராகச் செல்ல வேண்டும். நடுவே வளைந்து அதிராமல் காக்கும் இழைகள் தண்டின் நீளத்தை ஒட்டி ஓட வேண்டும். எஃகுக்கு எல்லாத் திசையும் ஒன்று. நூலுக்கு அப்படியன்று, தான் செல்லும் திசையில் அது மாவீரன், குறுக்கே அது கோழை. அதனை வைக்கும் திசையை அறிந்தவனுக்கே அது வேலை செய்யும்.

திருப்பூர்ப் பனியன் தொழிலாளிக்கு இது புதிதன்று. நூலின் முறுக்கு சரியாகத் தணியாவிட்டால், துவைத்த பனியனின் பக்கத் தையல் முன்புறமாகத் திரும்பி நிற்கும் என்பதை அவர் அறிவார். பனியனில் தையல் கோணினால் அந்தச் சரக்குத் திரும்பி வரும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரில் இழை கோணினால் திரும்பி வருவது யார்?

1981-இல் மக்லாரன் குழுவினர், கரிநூலால் உடற்கூடு செய்த பந்தயக் காரை முதன்முதலாக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறக்கினார்கள். அவ்வாண்டு இத்தாலியின் மோன்சாவில் அக்கார் மோதிச் சிதறிய போதிலும், ஓட்டியவரான ஜான் வாட்சன் தம் காலால் நடந்து வந்தார்; ஐயப்பட்டவர்கள் வாயடைத்தனர். 2014-இல் ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் விரைவுக் கார்களான எம்-3, எம்-4 ஆகியவற்றில் ஒரே துண்டான கரிநூல் தண்டைப் பொருத்தியது. நடுத் தாங்கி மறைந்தது. ஆனால் 2017-இன் இறுதியில், புகையைத் தூய்மை செய்யும் கருவிக்கு அடிப்புறத்தில் இடம் வேண்டியிருந்ததால், அந்நிறுவனம் மீண்டும் எஃகுத் தண்டுக்கே திரும்பியது. கரிநூல் தண்டு ஒரே துண்டாயிருக்க, பருமனாக அமைய வேண்டும். அந்தப் பருமனுக்கு இடமில்லாமற் போயிற்று. சிறந்த பொருளும் இடமறிந்தே நிற்க முடியும்.

நம் கோயம்புத்தூரின் பந்தய மரபையும் இங்கே கூறவேண்டும். 1954-இல் பிறந்து 1995-இல் மறைந்த எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் இஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். அவருடைய பெயரால் செட்டிப்பாளையத்தில் ஓடுதளம் இருக்கிறது. கோவையின் மகனான நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். இந்த மரபில் வளர்ந்தவர்தாம் அந்தப் பட்டறை இளைஞர்.

அவர் தண்டைப் பொருத்துவதை அன்று நான் முழுவதும் பார்த்தேன். காரைத் தரையில் தன் எடையோடு நிற்கும் நிலையில் வைத்தே, கியர் பெட்டியிலிருந்து பின் அச்சு வரை அளந்திருந்தார். சக்கரங்கள் தொங்கும் நிலையில் அளந்தால் நீளம் பொய்க்கும். இரு முனை மூட்டுகளின் சாய்வும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்தார். சமமாயிருந்து, ஒன்றுக்கொன்று ஒத்து நின்றால்தான் ஒரு மூட்டு உண்டாக்கும் வேகத் தடுமாற்றத்தை மற்றது சரிசெய்யும். புகைக்குழாய் அருகே செல்லும் இடத்தில் வெப்பத் தகடு வைத்தார். பிசின் சூட்டில் இளகும். அலுமினிய முனையும் கரிக்குழாயும் சேரும் இடத்தில் கண்ணாடி இழையின் மெல்லிய அடுக்கு இருப்பதைக் காட்டினார். இல்லையேல் ஈரம் பட்டதும் இரண்டும் சேர்ந்து மின்கலம்போல் வேலை செய்து, அலுமினியம் அரிக்கப்பட்டுவிடும். எல்லாவற்றையும் விட, தண்டை எங்கேயும் சாய்க்கவோ, இடுக்கியில் இறுக்கவோ அவர் உடன்படவில்லை.

சுவரில் ஆணியில் தொங்கிய கரிய துண்டு ஒன்றைப்பற்றி வினவினேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"என்னோட முதல் தண்டுங்க ஐயா. பழக்க தோஷத்துல வைஸ்ல இறுக்கிட்டேன். மேல ஒண்ணும் தெரியலை. தட்டிப் பார்த்தா ஒரு இடத்துல மட்டும் சத்தம் செத்துப் போச்சு. வண்டிக்காரர் ஒரே அவசரம், மறுநாள் பந்தயம். 'பரவாயில்லை, மாட்டு' ன்னார். நான் மாட்டலீங்க. வேற யாரும் எடுத்து மாட்டிடக்கூடாதுன்னு அங்கேயே அறுத்துப் போட்டேன். நாலு மாசச் சம்பாத்தியமுங்க."

எஃகுத் தண்டு ஓட்டத்தில் ஒடிந்தால், ஒடிந்த முனை ஈட்டியாகிக் காரின் தரையைக் கிழிக்கக்கூடும். கரிநூல் தண்டு பெரும்பாலும் துடைப்பம்போல் நார் நாராகப் பிரிந்துவிடும். அது ஒரு நன்மையே. ஆயினும் வேகத்தில் ஓடும் வண்டி திடீரென இயக்கம் இழப்பது எவருக்கும் நன்மையன்று. எஃகில் உண்டான காயம் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படும்; கரிநூலில் உண்டான காயம் அடுக்குகளுக்குள்ளே ஒளிந்துகொள்ளும். அதனைக் காப்பது கருவியைவிட, பொருத்துபவனின் மனச்சாட்சியே. அறுத்த துண்டைக் கையில் வாங்கியபொழுது, ஆலை வாயிலில் இடக்கையால் என்னைத் தட்டிக்கொடுத்த அந்தக் காவலரின் முகம் என் நினைவில் எழுந்தது. அன்று அந்த ஏணியின் அடியில், "தண்டு நிற்கட்டும், பிறகு ஏறலாம்" என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால்!

மாணவர்களே, இந்தத் தண்டு எல்லா வண்டிக்கும் வேண்டியதன்று. அதன் விலை மிகுதி; நம் பஸ்ஸுக்கும் லாரிக்கும் எஃகே போதும். ஆனால் அது கற்பிக்கும் பாடம் நம் பகுதிக்கு உரியது. நூலைப் பற்றிய அறிவு துணியோடு முடிவதில்லை. திருப்பூருக்கும் கோவைக்கும் இடையே சூலூர் விமானத் தளம் இருப்பதை அறிவீர்கள். 2018-இல் தேஜஸ் போர் விமானங்களின் படைப்பிரிவு அங்கே வந்தது. அந்த விமானத்தின் உடற்கூட்டு எடையில் ஏறக்குறைய 45 விழுக்காடு, கரிநூல் முதலிய இழைகளால் ஆன கலப்புப் பொருளே. பனியன் ஆலைகளின் கூரைக்கு மேலே இடி முழக்கத்தோடு பறந்ததும் ஒருவகையில் நூல்தான்.

புறப்படும் நேரத்தில் நான் அந்த இளைஞரைக் கேட்டேன்: "இந்த இழையின் சாய்வெல்லாம் எங்கே தம்பி படித்தாய்?"

அவர் சிரித்தார். "எங்கம்மா செக்கிங் வேலைக்குப் போனாங்க ஐயா. துணியை வெளிச்சத்துல பிடிச்சு, இழை எந்தப் பக்கம் போகுதுன்னு பாருடான்னு சொல்லிக் குடுத்தது அவங்கதானுங்க."